வண்டியா, சவரிமுத்துவா?

விளிம்பு வரை டீ ஊற்றிய ஒரு கண்ணாடி டம்ளரை, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மூடிமேல் வைத்து, அது சிந்தாமல் நின்றால் அந்த எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் ஷெட் இருந்த சாலையில் எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். டீ சிந்தினால் வண்டி ஷெட்டுக்குள்ளே போகும். சிந்தாவிட்டால் வண்டி வெளியே போகும், டீ நமக்குள்ளே போகும். எப்படிப் பார்த்தாலும் நமக்கு நஷ்டமில்லாத சோதனை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் வண்டிக்குக் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிறீர்கள். அதில் சிவப்பாக எதுவும் வரவில்லை என்றால் போனட்டை மூடுகிறீர்கள். தம்பிகளே, அதுவும் ஒரு டீ டம்ளர்தான், குடிக்க முடியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். முட்டி தேய்ந்து, வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் பள்ளத்துக்குள் இறங்கினால் என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் ஷெட்டை விட்டேன். இப்போது வேலை இல்லாததால் புத்திமதி சொல்லும் தகுதி வந்துவிட்டது. ஆகவே இதைக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை நேரம், பழைய பெட்ரோல் கார் ஒன்று ஷெட் வாசலில் வந்து நின்றது. முன் பம்பர் மடங்கியிருந்தது. பம்பரின் மடிப்பில் ஒரு மரவள்ளிக்கிழங்கு சிக்கியிருந்தது. ஓட்டிவந்தவர் சவரிமுத்து. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் வீடு. அந்தக் காரில் மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஆள் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. கூடவே இறங்கியது அவர் மனைவி பிலோமினா, மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். சவரிமுத்து வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா திறந்துவிட்டார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். வண்டியா, இவரா?"

"இன்னாம்மா ஆச்சு?"

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி எல்லாரும் கோயிலுக்கு வெளிய வந்துகினு இருக்காங்க. ஊரே பாத்துகினு இருக்கசொல்லோ இவரு வண்டிய எடுத்து நேரா ரோட்டோரம் இருந்த மரவள்ளிக் குமியல் மேல ஏத்திட்டாரு."

"நான் ஏத்தல. அதுவா ஏறிச்சி" என்றார் சவரிமுத்து, தரையைப் பார்த்தபடி.

"அதுவா ஏறிச்சாம்ணே. கெழங்கு வாசன புடிச்சிகினு போச்சாம்."

விஷயம் இதுதான். சவரிமுத்து ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். பிறகு மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து விட்டுவிட்டார். விட்டதை ஊர் நம்ப ரொம்ப நாள் ஆனது, பிலோமினா நம்ப அதைவிட நாள் ஆனது. அந்த நம்பிக்கைதான் இப்போது கிழங்குக் குவியலில் ஏறி நின்றது. கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்களாம்.

"வண்டின்னா சரி பண்ணிக் குடுங்க. இவருன்னா சொல்லிடுங்க. நான் புள்ளைங்கள இட்டுகினு திருக்கோவிலூர்ல எங்கம்மா வூட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதுக்கு இல்ல. ஒங்க வாயால வரட்டும்ணே."

இப்படி ஒரு கேள்வியை ஒரு மெக்கானிக்கிடம் கேட்கலாமா? கேட்டால் மெக்கானிக் என்ன செய்ய வேண்டும்? "எனக்குத் தெரியாதும்மா, ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போ" என்று சொல்ல வேண்டும். நான் டீ சொன்னேன்.

டம்ளரை வைத்தேன். எஞ்சினை ஓடவிட்டேன். தம்பிகளே, ஒரு சொட்டு அசையவில்லை. அவ்வளவு சாதுவான எஞ்சினை நான் அந்த வருடத்தில் பார்த்ததில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நான்கு முனைச் சந்திப்பு வரை போனேன், திரும்பினேன். சமதரை, காலி வண்டி. பட்டுப்போல ஓடியது.

சவரிமுத்து மெல்லக் கேட்டார்: "அண்ணே, கெளம்பசொல்லோ கீழ டொம்முனு ஒரு சத்தம் வருதே, கேட்டுச்சா?"

"கிளட்ச நிதானமா வுட்டா சத்தம் வராதுப்பா" என்றேன். மெக்கானிக்குகளுக்குத் தெரியாத எல்லாச் சத்தத்துக்கும் நாங்கள் வைத்திருக்கும் பதில் இது. தவறு எப்போதும் ஓட்டுகிறவர் காலில்தான் இருக்கும்.

பிறகு பிலோமினாவிடம் திரும்பி, "வண்டில ஒண்ணும் இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டு டீயையும் குடித்தேன்.

அந்தம்மா அழவில்லை, கத்தவில்லை. "செரிண்ணே" என்றார். அதற்குமேல் சவரிமுத்துவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்வார், நான் அவரிடம் சொல்ல வேண்டும். அவரோ ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

"இவரு இனிமே ஸ்டேரிங்க தொடக் கூடாது. நீங்களே வண்டிய மலைக்கு ஓட்டியாந்து வுட்டுடுங்கண்ணே. பஸ்ஸு புடிச்சி எறங்கிக்கலாம்."

ஒரு குடும்பத்தைப் பிரித்து வைத்த பிறகு ஓட்டமாட்டேன் என்றா சொல்ல முடியும்? கிளம்பும் முன் அந்தம்மா கடைக்குப் போய் அரிசி மூட்டையும் கோழித் தீவன மூட்டைகளும் வாங்கி டிக்கியை நிரப்பினார். மறுநாள் விட்டுப் போகப்போகிற வீட்டின் கோழிகளுக்குத் தீவனம். கோபம் கோழி வரைக்கும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் வரை காரில் யாரும் பேசவில்லை. நான் மட்டும் நல்ல மனசோடு பேசிக்கொண்டே வந்தேன். குடி எப்படி மனிதனைக் கெடுக்கும், கை கால் எப்படித் தடுமாறும் என்றெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த சவரிமுத்துவுக்குக் கேட்கும்படி விளக்கினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் பிலோமினா, நடுவில் ஒரு கோழித் தீவன மூட்டையை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டேன். பஸ் போனதும் முதல் கியர் போட்டு, ஏற்றத்தில் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

கீழே டொம் என்றது.

அடுத்த நொடி கார் என்னைக் கேட்காமல் கிளம்பியது. கிளம்பியது என்றால் மரியாதையான வார்த்தை. பாய்ந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் இன்னும் கத்தியது. வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் மண்மேடு.

இந்த இடத்தில் அனுபவமுள்ள மெக்கானிக் என்ன செய்தான் என்று கவனித்துக் கேளுங்கள். "முருகா" என்று கத்தினேன். பின்னால் இருப்பவர்களுக்கும் ஒரு மரியாதை வேண்டுமே என்று "மாதாவே" என்றும் கத்தினேன். சாவியைத் திருப்பி அணைப்பதற்குப் பதிலாக வைப்பரைப் போட்டேன். வெயிலில் வைப்பர் இரண்டும் டக்கு டக்கு என்று ஆட ஆரம்பித்தன. ஹாரனை அடித்தேன். யாருக்கு அடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு காலையும் தூக்கி பிரேக் மேல் வைத்தேன். முழு மூச்சில் இருக்கும் எஞ்சின் அந்த பிரேக்கையும் இழுத்துக்கொண்டு போனது.

"கிளட்சு! யோவ், கிளட்ச மிதிய்யா!"

சவரிமுத்து. ஸ்டேரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்துவிட்டு, ஒரு காலைப் பிரித்து கிளட்சை மிதித்தேன். மிதித்ததுமே கத்தல் நின்றது. எஞ்சின் மெதுவாக, சீராக, ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. கார் உண்ணிச்செடிப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றுவிட்டது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு பின் சீட்டிலிருந்து பிலோமினாவின் குரல், ரொம்ப நிதானமாக:

"அண்ணே, நீங்களும் குடிச்சிருக்கீங்களா?"

"யம்மா, நான் வெறும் டீதாம்மா..."

"வாயத் தொறங்க. ஊதுங்க."

தம்பிகளே, நான் ஊதினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில், ஒரு சத்துணவு சமையல்காரம்மா முகத்துக்கு நேராக ஊதினேன். அந்தம்மா முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். அது வேறு காரணம், அதற்குள் போக வேண்டாம்.

"நான் தீவனம் வாங்கப் போன நேரத்துல ரெண்டு பேரும் சேந்து போட்டுகினு வந்துட்டீங்களா?"

சவரிமுத்து சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன். "ஞாயித்துக்கெழம எனக்கு இப்படித்தாங்க ஆச்சு" என்றார் என்னிடம். "நானும் கால எடுத்துட்டேன். அது எடுக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் வாயில் டீயோடு ஒரு மனிதனைக் குடிகாரன் என்று சொல்லியிருக்கிறேன். அதே கார் இப்போது என்னையும் குடிகாரனாக்கிவிட்டது. நான் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால்?

இறங்கினேன். போனட்டைத் திறந்தேன். ஆக்சிலேட்டர் மிதி தரை விரிப்பில் சிக்கியதா? இல்லை. கேபிள் துருப்பிடித்துச் சிக்கியதா? வெண்ணெய்போல ஓடியது. இழுத்து விடும் ஸ்பிரிங் போய்விட்டதா? புதுசுபோல இருந்தது. எஞ்சின் எதிரே ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில் டம்ளர் இருந்திருந்தால் மறுபடியும் வைத்திருப்பேன், அவ்வளவு பயம்.

"அந்த டொம்மு" என்றார் சவரிமுத்து, புதருக்குள் நின்றபடி. "முன்னாடி டொம்மு வருது. அப்புறந்தான் பாயுது."

பாருங்கள், வண்டியின் நோயை அந்த மனிதர் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதற்கு அவர் கால்மேல் பழி போட்டுவிட்டேன். டொம் என்றால் ஏதோ ஒன்று நகர்ந்து இடிக்கிறது. கிளம்பும்போது மட்டும் வருகிறது. கிளட்சை மிதித்தால் நிற்கிறது. ஏற்றத்தில், பாரத்தோடு வருகிறது. சமதரையில், காலி வண்டியில் வராது. நகர்வது எஞ்சினேதானோ?

ஓடும் எஞ்சின் சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பும்போது தானும் எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். புரளாமல் பிடித்து வைப்பவை இரண்டு பக்கமும் இருக்கும் எஞ்சின் மவுண்ட்டுகள். இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஒட்டிய ரப்பர், அவ்வளவுதான். ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்துபோனாலும் எஞ்சின் தன் பாரத்தால் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பார்த்தாலும் தெரியாது, டம்ளர் வைத்தாலும் தெரியாது.

ஆனால் ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். தூக்கினால் தன்னோடு ஆக்சிலேட்டர் கேபிளையும் இழுக்கும். இழுத்தால் வேகம் கூடும், கூடினால் இன்னும் தூக்கும். நாம் காலை எடுத்து என்ன பயன்? அதுதான் தன் ஆக்சிலேட்டரைத் தானே மிதித்துக்கொள்கிறதே.

இதை நினைப்பது ஒன்று, நிரூபிப்பது ஒன்று. நான் வாயால் சொன்னால் பிலோமினா நம்பமாட்டார். காலையில் இதே வாய்தானே சொன்னது. அந்தம்மா கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் மலைச் சாலையில், பாயும் காரை வைத்துக்கொண்டு. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

காரைப் புதரிலிருந்து பின்னால் தள்ளி, சாலை அகலமான இடத்தில் மண்மேட்டுக்கு நேராக நிறுத்தினோம். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் பெரிய கல் வைத்தோம். கைப் பிரேக் போட்டோம்.

"ஒருத்தர் உள்ள ஒக்காந்து கிளட்ச பாதி வுடணும்மா. நான் இங்க நின்னு உங்களுக்குக் காட்டணும்."

"இவரு ஒக்காரக் கூடாது."

"நான் ஒக்காரட்டுமா?"

பிலோமினா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீங்க வைப்பரப் போடுவீங்க. இவரையே ஒக்காரச் சொல்லுங்க."

நாங்கள் இருவரும் காரின் பக்கவாட்டில் நின்றோம். முன்னால் நிற்காதீர்கள், எத்தனை கல் வைத்தாலும். சவரிமுத்து முதல் கியர் போட்டு, காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். டொம். எஞ்சினின் இடது பக்கம் நான்கு விரல் உயரத்துக்கு எழுந்தது. கேபிள் விறைத்தது. எஞ்சின் வீரிட்டது. சவரிமுத்து கிளட்சை மிதித்ததும் எஞ்சின் பொத்தென்று உட்கார்ந்து அமைதியானது.

பிலோமினா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, எழுந்து ஒக்காருதே!"

"ஆமாம்மா."

"இன்னொரு வாட்டி பண்ணச் சொல்லுங்க."

பண்ணினார். எழுந்தது, வீரிட்டது, உட்கார்ந்தது. அந்தம்மாவுக்குத் திருப்தி ஆகவில்லை, மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் எஞ்சினைப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாக ஸ்டேரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"காலையில இத ஏண்ணே பாக்கல?"

"பாத்திருக்கணும்மா" என்றேன்.

டிக்கியில், வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்கும் சங்கிலி ஒன்று இருந்தது. எஞ்சினின் இடது பக்கத்தைக் காரின் அடிச் சட்டத்தோடு சேர்த்து, எழ முடியாதபடி கட்டினோம். கயிறு போட்டிருந்தால் சைலன்சர் சூட்டில் எரிந்துபோயிருக்கும். அடுத்த சண்டை, மேலே போவதா, கீழே போவதா என்று. வீடு மேலே, பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடும். எல்லாருடைய மனசும் மேலே இருந்தது, என்னுடையதும்தான். எவ்வளவு சீக்கிரம் இவர்களை வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று இருந்தது.

ஆனால் ஏற்றத்தில்தான் எஞ்சின் எழும். இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கினால் சக்கரம்தான் எஞ்சினைத் திருப்பும், அதே இடது பக்கத்தைக் கீழே அழுத்தும். சங்கிலிக்கு வேலையே இருக்காது. "கீழதாம்மா" என்றேன். அந்த நாள் முழுவதிலும் நான் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். பிலோமினா பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சவரிமுத்து ஓட்டுநர் சீட்டிலிருந்து இறங்கக் கதவைத் திறந்தார். வழக்கம்போல எனக்குச் சொல்வார் என்று பிலோமினாவைப் பார்த்தேன். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை.

"எறங்காதீங்க" என்றார் புருஷனிடம். "நீங்களே ஓட்டுங்க."

சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால், கோழித் தீவனத்தோடு. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி வரும்வரை நானும் குடியின் தீமைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மவுண்ட் மாற்றியதைப் பற்றி நீட்ட வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தப் பழைய காருக்கு ரப்பர் கிடைக்கத் தாமதமாகும் என்றதும், "லாரி டயர வெட்டி வெச்சிக் குடுங்கண்ணே, மாதா பாத்துக்குவாங்க" என்று சவரிமுத்துவே சொன்னார். இதை எல்லாக் கஸ்டமரும் சொல்வார்கள். மலை வண்டிக்கு டயர் துண்டு வைத்தால், மாதாவை நாம் ரொம்ப வேலை வாங்குகிறோம் என்று பொருள். முடியாது என்றேன். புதியது வரும்வரை காரை ஷெட்டிலேயே நிறுத்தி வைத்தேன். இடதோடு வலதையும் மாற்றினேன், ஏனென்றால் அடுத்து பிரியப்போவது அதுதான். போல்ட்டைப் பாதி இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, அது தனக்குப் பிடித்த மாதிரி உட்கார்ந்த பிறகுதான் முழுக்க இறுக்கினேன். இடம் பிடிக்குமுன் இறுக்கினால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பிறகு பின் சீட்டிலும் டிக்கியிலும் மூட்டைகளை அடுக்கி, நானே மலைக்கு ஓட்டிப்போய், அதே வளைவில் நிறுத்தி, முதல் கியரில் எடுத்தேன். வைப்பர் எங்கே இருக்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்று முதலில் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கழற்றிய பழைய மவுண்ட்டைக் குப்பையில் போடப் போனேன். "அத எங்கிட்ட குடுங்கண்ணே" என்று பிலோமினா வாங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நீங்களும் கோயிலாண்ட வரணும்."

"நான் எதுக்கும்மா? நான் வேற சாமி."

"சாமி கும்பிட வேணாம். வாசல்ல நின்னா போதும்."

நின்றேன். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். சவரிமுத்து காரின் பக்கத்தில், ஓடிவிடலாமா என்ற முகத்தோடு நின்றார். பிலோமினா கூடையிலிருந்து அந்த எண்ணெய் பிடித்த ரப்பரையும் தகட்டையும் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, பிறகு தனியாகப் பிரித்து, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டினார். யாருக்கும் புரியவில்லை. கிழங்குக் குவியலுக்குச் சொந்தக்காரர் மட்டும் கேட்டார், "இது இன்னா? இதுக்கும் அன்னிக்கி நடந்ததுக்கும் இன்னா சம்பந்தம்?"

"எனக்குச் சொல்லத் தெரியாது. தோ மெக்கானிக்கண்ணன் நிக்கிறாரு, அவரக் கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பேச்சு வராத நாள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இடது பக்க மவுண்ட்டின் ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தது. சவரிமுத்து குடிக்கவில்லை.